தூரிகை மரவட்டை: இராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மரவட்டை என்றதும் கருஞ்சிவப்பு நிறத்தில், விரல் நீளத்துக்கு, தொட்டால் சுருண்டுகொள்ளும் உயிர்தான் நம் நினைவுக்கு வரும். ஐப்பசி மழை விழுந்ததும் தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் வாசற்படிவரை அது வந்துவிடும். அதே இனக்கூட்டத்தில், அரிசி மணியைவிடச் சிறியதாக, உடல் முழுவதும் முடி சிலிர்த்து நிற்கும் ஒரு குடும்பமும் உண்டு. அதன் அறிவியல் பெயர் பாலிக்ஸெனிடே. இந்தப் பக்கத்தில் அதைத் தூரிகை மரவட்டை என்று எழுதுகிறேன். பள்ளி மாணவர்கள், ஆசிரியர்கள், கருவாடு காயவைப்போர், பனந்தோப்பு வைத்திருப்போர் ஆகியோரின் கேள்விகளை மனத்தில் வைத்து எழுதிய பதில்கள் இவை.

இது உண்மையிலேயே மரவட்டைதானா? பார்த்தால் கம்பளிப்பூச்சிக் குஞ்சு போல இருக்கிறதே?

மரவட்டையேதான். கம்பளிப்பூச்சி வளர்ந்து அந்துப்பூச்சியாக மாறும். இது எதுவாகவும் மாறாது. மரவட்டையாகப் பிறந்து மரவட்டையாகவே முடியும். கணுக்காலிகள் என்ற பெருந்தொகுதியில் பல்காலிகள் என்பது ஒரு துணைத்தொகுதி. பூரானும் மரவட்டையும் அதற்குள் தனித்தனி வகுப்புகள். பூரானுக்கு ஒரு கணுவுக்கு ஒரு சோடிக் கால். மரவட்டைக்கு, முன்பக்கத்துச் சில கணுக்களைத் தவிர, ஒவ்வொரு வளையத்துக்கும் இரண்டு சோடி. தூரிகை மரவட்டையைப் புரட்டிப் போட்டுக் கைலென்ஸில் பார்த்தால் இந்த இரட்டைக் கால் அமைப்பு தெரியும். பூரானுக்கு இருக்கும் நச்சுக்கொடுக்கு இதற்கு இல்லை.

எவ்வளவு பெரிதாக இருக்கும்?

வளர்ந்ததே பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் வரைதான். வெறுங்கண்ணுக்கு ஒரு பழுப்புத் துணுக்கு நகர்வதாகத் தெரியும். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் இருந்தால் போதும், முடிக்கொத்துகள் தெளிவாகிவிடும். குடும்பத்துக்குள் எந்தச் சிற்றினம் என்று சொல்வதற்கு மட்டும் நுண்ணோக்கி வேண்டும்.

உடலமைப்பை விளக்க முடியுமா?

தலையிலிருந்து தொடங்குவோம். நெற்றியில் குறுக்காக முடி வரிசைகள். இரண்டு உணர்கொம்புகள்; ஒவ்வொன்றிலும் எட்டுக் கணுக்கள். நுனியில் நான்கு உணர்கூம்புகள். தலையின் இரு பக்கமும் சில கண்கள் திரண்ட ஒரு சிறு மேடு. கண்ணுக்கு அருகே பக்கத்துக்கு மூன்றாக, மிக மெல்லிய நீண்ட உணர்முடிகள் குழியிலிருந்து எழுந்து நிற்கும். காற்றின் சிறு அசைவுக்கும் இவை ஆடும். பெரிய மரவட்டைகளின் தலையில் இவற்றைத் தேடிப் பயனில்லை.

வாயின் அடிப்பக்கத்தில் நுண்ணிய உணர்முனைகள் நிறைந்த குமிழ்கள் இருக்கின்றன. தாடைகள் மரப்பட்டையில் படிந்த பாசியைச் சுரண்டுவதற்கு ஏற்றவை.

உடலின் மேற்புறம் முதுகுத் தகடுகளால் ஆனது. தகடு ஒவ்வொன்றிலும் குறுக்காக வரிசை முடிகள். இரு ஓரங்களிலும் ஒரு கொத்து முடி. இந்த முடிகள் வழவழப்பானவை அல்ல. தண்டு முழுவதும் சிறு முட்கள் உண்டு. முடிவில் வாலில் அடர்ந்த முடிக்கற்றை. பாலிக்ஸீனஸ் பேரினத்தில் இது இரண்டு கற்றைகளாகப் பிரிந்து, வெள்ளிபோல மின்னும். உயிரியின் தற்காப்பும் வகைப்பாட்டியலாளரின் வேலையும் இந்த வால்கற்றையிலேயே வந்து கூடுகின்றன. அதனால் கீழே அதற்குத் தனிக் கேள்வியே ஒதுக்கியிருக்கிறேன்.

வளர்ந்த உயிரிக்குக் கால்கள் 13 சோடி. ஒவ்வொரு காலின் நுனியிலும் ஒரு நகம். ஆணுக்கும் பெண்ணுக்கும் இனப்பெருக்கத் துளைகள் வாலில் இல்லை, உடலின் முன்பகுதியில், இரண்டாம் சோடிக் கால்களுக்கு அருகே இருக்கின்றன. இது எல்லா மரவட்டைகளுக்கும் பொதுவான அமைப்பு.

இனி இதற்கு இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். பெரிய மரவட்டையின் மேலோடு சுண்ணாம்புச் சத்து ஏறிக் கெட்டியானது. மிதித்தால் நொறுங்கும் ஓசை கேட்கும். தூரிகை மரவட்டையின் தோலில் சுண்ணாம்பு ஏறுவதில்லை. பெரிய மரவட்டைகளில் பலவற்றுக்கு உடலின் பக்கவாட்டில் துர்நாற்ற நீர் சுரக்கும் துளைகள் உண்டு. கையில் எடுத்தவர்களின் விரலில் படியும் பழுப்புக் கறை, குயினோன் வகைச் சேர்மங்களால் வருவது. தட்டையான உடல் கொண்ட மற்றொரு பெரும்பிரிவு ஹைட்ரஜன் சயனைடையே வெளியிடும். தூரிகை மரவட்டையிடம் அந்தச் சுரப்பிகள் எதுவும் இல்லை. ஓடும் இல்லை, நஞ்சும் இல்லை. முடி ஒன்றுதான் அதன் காவல்.

அந்த முடியை வைத்து என்ன செய்துவிட முடியும்?

எறும்பைக் கட்டிப்போட முடியும். தாமஸ் ஐஸ்னர், மரியா ஐஸ்னர், மார்க் டெய்ரப் ஆகிய மூவரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் படங்களுடன் காட்டியது. அவர்கள் பார்த்தது அமெரிக்காவின் புளோரிடாவில், பைன் மரப்பட்டைக்கு அடியில் வாழும் பாலிக்ஸீனஸ் ஃபாசிகுலேட்டஸ் என்ற சிற்றினம். எறும்பு தாக்க வந்ததும் மரவட்டை வால் பக்கத்தைத் திருப்பி, கற்றையை எறும்பின் மீது தேய்க்கிறது. முடிகள் கழன்று எறும்பின் உடலில் ஒட்டிக்கொள்கின்றன.

எப்படி ஒட்டுகின்றன என்பதுதான் நுட்பம். வால்முடி ஒவ்வொன்றின் நுனியிலும் பின்னோக்கி வளைந்த கொக்கிகள் இருக்கின்றன. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க நாம் இறக்கும் பாதாளக் கரண்டியை ஒரு மயிரின் நுனியில் பொருத்தியது போன்ற வடிவம். அந்தக் கொக்கி எறும்பின் உடலில் உள்ள முடியைப் பற்றிக்கொள்கிறது. தண்டில் இருக்கும் முட்கள் மற்ற முடிகளோடு பின்னிக்கொள்கின்றன. எறும்பு தன்னைத் துடைத்துக்கொள்ளக் காலை ஓட்டினால் காலும் மாட்டுகிறது. வாயைக் கொண்டுபோனால் வாயும் மாட்டுகிறது. சிக்கெடுக்க முயல முயலச் சிக்கு கூடுகிறது. சில எறும்புகள் அதிலேயே இறந்துபோகின்றன.

ஒரு துளி நஞ்சும் செலவாகாமல், வடிவத்தை மட்டும் கொண்டு நடக்கும் இந்தத் தற்காப்பை, கணுக்காலி உலகில் நான் படித்த தற்காப்பு முறைகளிலேயே மிக நேர்த்தியானதாகக் கருதுகிறேன். அந்த ஆய்வில் இருந்த எறும்பு கிரெமட்டோகாஸ்டர் பேரினத்தைச் சேர்ந்தது. வயிற்றுப் பகுதியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டும் அதே பேரினத்து எறும்புகள் நம் ஊர் மரங்களிலும் வாழ்கின்றன.

கருவாட்டில் வரும் முடிப்புழுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. பாம்பனிலும் மண்டபத்திலும் கருவாடு கட்டி வைத்திருப்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது. கருவாட்டைத் தின்னும் முடிப்புழு டெர்மெஸ்டிடே என்ற வண்டுக் குடும்பத்தின் இளம்புழு. அது ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். உடல் கரும்பழுப்பு. வால் நுனிக்கு அருகே இரண்டு கெட்டியான கொம்புகள் மேல்நோக்கி இருக்கும். எவ்வளவு வளர்ந்தாலும் கால் மூன்று சோடிதான். பின்னர் கூட்டுப்புழுவாகி வண்டாக வெளிவரும்.

தூரிகை மரவட்டை கருவாட்டைத் தொடாது. அதன் உணவு மரப்பட்டையிலும் கல்லிலும் படிந்த பாசி, பூஞ்சை, லைக்கன் போன்றவை. (செட்டிநாட்டுச் சமையலில் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான்.)

குழப்பம் வரும் இடம் ஒன்று உண்டு. தூரிகை மரவட்டை முட்டையிலிருந்து வெளிவரும்போது அதற்கும் மூன்று சோடிக் கால்களே இருக்கும். அந்த நிலையில் அது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது என்பதால், கருவாட்டில் நம் கண்ணில் படுகிற புழு அதுவாக இருக்க வாய்ப்பில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே வண்டுக் குடும்பத்தின் மற்றொரு கிளையில், கம்பளியையும் பட்டையும் அரிக்கும் புழுக்களுக்கு, ஈட்டிமுனை கொண்ட உதிரும் முடிகள் இருக்கின்றன. அவையும் பகையைச் சிக்க வைக்கின்றன. எந்த நெருங்கிய உறவும் இல்லாத இரண்டு உயிர்கள் ஒரே வழியைத் தனித்தனியே கண்டடைந்திருக்கின்றன.

பிறக்கும்போது மூன்று சோடிக் கால் என்றால், மற்ற கால்கள் எப்போது வரும்?

ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும் கூடும். பாலிக்ஸெனிடே குடும்பத்தில் வரிசை இப்படிப் போகும்: 3, 4, 6, 8, 10, 12, 13. பதின்மூன்றாம் சோடி வந்த பிறகும் அது தோலுரிக்கும், கால் மட்டும் கூடாது. இந்த வரிசை கையில் இருந்தால், ஒரு மரப்பட்டையில் பிடித்த குஞ்சுகளைக் கால் எண்ணியே எந்த வளர்நிலை என்று பிரித்துவிடலாம். பள்ளிக்கூட ஆய்வுக்கு இதைவிட எளிய, துல்லியமான வேலை கிடைப்பது அரிது. எட்டு சோடிக் கால் கொண்ட ஒன்றைப் புதுச் சிற்றினம் என்று எண்ணிவிடக் கூடாது. அது இன்னும் வளராத குஞ்சு.

வகைப்பாட்டில் இதன் இடம் எது?

மரவட்டைகளின் வகுப்பு முழுவதும் இரண்டு கிளைகளாகப் பிரிகிறது. ஒரு கிளை கைலோக்னேதா. சுருள்வது, உருள்வது, தட்டையானது, புழுப்போல் நீண்டது என நமக்குத் தெரிந்த அத்தனை மரவட்டைகளும் அதற்குள் அடக்கம். மற்றது பெனிசில்லேட்டா. அதில் இன்று வாழ்வது பாலிக்ஸெனிடா என்ற ஒரே வரிசை. பெயரிடப்பட்ட மரவட்டைச் சிற்றினங்கள் ஏறத்தாழ 12,000. அவற்றில் பெனிசில்லேட்டாவுக்கு உரியவை நூறு அளவில்தான் வரும்.

எண்ணிக்கையில் இவ்வளவு சிறிய ஒன்றை ஏன் சரிபாதிக் கிளையாக வைக்கிறார்கள் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. வகைப்பாடு தலை எண்ணும் தேர்தல் அல்ல. எது எப்போது பிரிந்தது என்பதே அங்கே கணக்கு. சுண்ணாம்பு ஏறாத தோல், தற்காப்புச் சுரப்பி இல்லாமை, தலையின் உணர்முடிகள், ஆணுக்கு விந்தைச் செலுத்தும் சிறப்புக் கால் இல்லாமை ஆகிய எல்லாம் சேர்ந்து, மற்ற அனைத்து மரவட்டைகளும் தமக்குள் பிரிவதற்கு முன்பே இந்தக் கிளை தனியே போய்விட்டது என்று காட்டுகின்றன.

பாலிக்ஸெனிடா வரிசைக்குள் நான்கு குடும்பங்கள்: பாலிக்ஸெனிடே, லோபோப்ராக்டிடே, ஹைபோஜெக்ஸெனிடே, சின்க்ஸெனிடே. சின்க்ஸெனிடே குடும்பத்தைக் கால் எண்ணிக்கையிலேயே பிரித்துவிடலாம். வளர்ந்தவற்றுக்கு 15 அல்லது 17 சோடி. லோபோப்ராக்டிடே குடும்பத்தில் பெரும்பாலானவற்றுக்குக் கண் இல்லை. 13 சோடிக் காலும், கண்மேடும், அடர்ந்த வால்கற்றையும் சேர்ந்து வந்தால் பாலிக்ஸெனிடே என்ற முடிவுக்கு வரலாம்.

இந்தக் குடும்பத்தில் முதலில் பெயர் பெற்றது எது?

ஐரோப்பாவில் பரவலாக வாழும் பாலிக்ஸீனஸ் லாகுரஸ். ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1758-இல் அதற்குப் பெயரிட்டபோது ஸ்கொலோபெண்ட்ரா என்ற பேரினத்தில், அதாவது பூரான்களோடு சேர்த்து வைத்தார். பின்னர் பிரெஞ்சு அறிஞர் லாட்ரெய் பாலிக்ஸீனஸ் என்ற தனிப் பேரினத்தை ஏற்படுத்தினார். பிற்காலத்தில் யூனிக்ஸீனஸ், மோனோகிராஃபிஸ், ப்ரோபாலிக்ஸீனஸ் போன்ற பேரினங்கள் சேர்ந்தன. இருபதாம் நூற்றாண்டில் இந்த வரிசையைப் பற்றி மிகுதியாக எழுதியவர்கள் பிரான்ஸைச் சேர்ந்த புரூனோ கோந்தேவும் மொனிக் நியுயென் துய்-ழாக்மேனும்.

ஒரு பேரினத்தை இன்னொன்றிலிருந்து எதை வைத்துப் பிரிக்கிறார்கள்?

இங்கே பொறுமை வேண்டும். நிறத்தை நம்ப முடியாது. அளவும் உதவாது, குஞ்சும் வளர்ந்ததும் கலந்து கிடக்கும். ஆய்வாளர்கள் உணர்கொம்பின் ஆறாம், ஏழாம் கணுக்களில் தடித்த உணர்முனைகள் எத்தனை, எந்த வரிசையில் நிற்கின்றன என்று எண்ணுகிறார்கள். மேலுதட்டின் விளிம்பில் உள்ள சிறு நீட்சிகளின் வடிவத்தைப் பார்க்கிறார்கள். வாயடிக் குமிழில் உள்ள உணர்முனைகளை எண்ணுகிறார்கள். கால்களில் உள்ள முடி தட்டையானதா ஊசி போன்றதா என்று குறிக்கிறார்கள். நகத்தையொட்டிய நீட்சியின் வடிவத்தையும் விடுவதில்லை. கடைசியில் வால்கற்றை: அது ஒன்றா இரண்டா, கொக்கிமுடி ஒவ்வொன்றிலும் எத்தனைக் கொக்கி.

எறும்பைப் பிடிக்கும் அதே கொக்கிதான் உயிரியின் பெயரையும் தீர்மானிக்க உதவுகிறது. எனவே மாதிரி எடுக்கும்போது வால் முடி உதிர்ந்துபோனால், பெயர் சொல்லும் வழிகளில் ஒன்று போய்விட்டது என்று பொருள்.

ஆணும் பெண்ணும் எப்படிக் கூடுகின்றன?

நேரடிக் கூடல் கிடையாது. ஆண் மெல்லிய நூலை வளைத்து வளைத்து இழுத்து, அதன் மீது விந்துத் துளிகளை வைத்துவிட்டுப் போய்விடும். பெண் பின்னர் வந்து அவற்றை எடுத்துக்கொள்ளும். முட்டையிட்ட பிறகு பெண் தன் வால்முடிகளாலேயே முட்டைகளைப் போர்த்துகிறது. உதிரும் முடிக்கு இங்கே இரண்டாவது வேலை. பாலிக்ஸீனஸ் லாகுரஸின் வட ஐரோப்பியக் கூட்டங்களில் ஆணே அரிது. அங்கே பெண்கள் ஆணின்றிப் பெண் குஞ்சுகளைப் பெறுகின்றன.

மரவட்டை ஈரத்தை விரும்பும் உயிர். இவ்வளவு காய்ந்த கடற்கரையில் எப்படித் தாங்கும்?

பெரிய மரவட்டை கோடையில் மண்ணுக்குள் போய்விடும். தூரிகை மரவட்டைக் குடும்பமோ காய்ந்த பட்டையிலும் வெயில்படும் பாறையிலும்கூட வாழக்கூடியது. ஜொனதன் ரைட், பீட்டர் வெஸ்த் ஆகியோர் 2006-இல் பாலிக்ஸீனஸ் லாகுரஸ் பற்றி வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு காரணத்தைத் தந்தது: காற்றின் ஈரப்பதம் சுமார் 85 சதவீதத்தைத் தாண்டினால், அது நீராவியை நேரே உடலுக்குள் ஏற்றுக்கொள்கிறது. குடிப்பதற்குத் துளி நீர் வேண்டியதில்லை. அந்த ஆய்வு ஓர் ஐரோப்பியச் சிற்றினத்தைப் பற்றியது என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆனாலும், பாக் நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் நடுவே, பகலில் மண் வறண்டு இரவில் கடற்காற்றால் துணி ஈரமாகிவிடும் ஊர்களில் வாழும் நமக்கு அந்தத் திறனின் மதிப்பு எளிதில் புரியும்.

நம் கடற்கரையில் எங்கே தேடலாம்?

பட்டை வெடித்து, உரியும் நிலையில் இருக்கும் மரங்களில் முதலில் தேடுங்கள். பூவரசு, வேம்பு, உடைமரம் ஆகியவை ஏற்றவை. பனையில் பழைய மட்டைகளின் அடியும் பன்னாடையும் நல்ல இடம். கருக்கு கையைக் கிழிக்கும், கவனம். சாயல்குடிப் பக்கத்துப் பனந்தோப்புகளில் தரையில் குவிந்த காய்ந்த ஓலைக்கு அடியிலும், காரங்காட்டு அலையாத்தியை ஒட்டிய மேட்டு நிலத்துச் சருகிலும் பார்க்கலாம். பழைய சுவரின் காரை இடுக்குகளும் உகந்தவை. ஆனால் தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்குப் பின் எஞ்சி நிற்கும் சுவர்களில் ஒரு கல்லையும் பெயர்க்க வேண்டாம், பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் வனத்துறை அனுமதியின்றிக் கால் வைக்கக் கூடாது, மாதிரியும் எடுக்கக் கூடாது. 1986 முதல் அவை காக்கப்பட்ட பகுதி.

எப்படிப் பிடிப்பது?

கிளைக்கு அடியில் ஒரு வெள்ளைத் துணியையோ தலைகீழாக விரித்த குடையையோ பிடித்து, கிளையைக் கம்பால் தட்டுங்கள். விழுந்தவற்றில் பழுப்பாக மெல்ல ஊர்வதை ஈரமான ஓவியத் தூரிகையின் நுனியால் எடுங்கள். இடுக்கியால் பிடித்தால் முடி கொட்டிவிடும். சேமிப்பதாக இருந்தால் 70 முதல் 80 சதவீத ஆல்கஹாலில் போட்டு, இடம், நாள், மரத்தின் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய துண்டுத்தாளைக் குப்பிக்குள்ளேயே இடுங்கள். பேனா மை கரைந்துவிடும்.

வீட்டுக்குள் வந்தால் ஆபத்தா? மருந்து அடிக்கலாமா?

கடிக்காது, கொட்டாது, துணியை அரிக்காது, மரத்தைத் துளைக்காது. மருந்துக்கு எந்தத் தேவையும் இல்லை. பெருக்கித் தோட்டத்தில் விட்டால் போதும்.

இந்தக் குடும்பம் எவ்வளவு பழையது?

லெபனான் நாட்டு அம்பரில், அதாவது கல்லாய் இறுகிய பழங்கால மரப்பிசினில், கிரெட்டேசியஸ் காலத்துத் தூரிகை மரவட்டைகள் கிடைத்திருக்கின்றன. 2004-இல் அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். மியான்மர் அம்பரில் கிடைத்த ஒன்றை 1917-இலேயே காக்கரெல் என்ற விலங்கியலாளர் விவரித்தார். அந்த அம்பரின் வயது ஏறத்தாழ 9.9 கோடி ஆண்டு. அந்த உயிரி இதே வரிசையின் மற்றொரு குடும்பமான சின்க்ஸெனிடேயில் சேர்கிறது. அம்பரில் இருப்பவற்றுக்கும் முதுகில் முடி வரிசை உண்டு, வாலில் கற்றை உண்டு. டைனோசர்கள் நடமாடிய காலத்திலேயே இந்த உடலமைப்பு முழுமை பெற்றிருந்தது.

படம் எடுத்து அனுப்பினால் பெயர் சொல்ல முடியுமா?

குடும்பம் வரை சொல்லலாம், படம் சரியாக இருந்தால். மேலிருந்து தலை தெரிய ஒன்று, பின்னாலிருந்து வால்கற்றை ஒன்றா இரண்டா என்று தெரிய ஒன்று, புரட்டிப் போட்டுக் கால்களை எண்ணும்படி ஒன்று என மூன்று படங்கள் வேண்டும். அருகில் ஒரு மில்லிமீட்டர் அளவுகோலை வைத்து எடுங்கள். பேரினமும் சிற்றினமும் வேண்டுமென்றால் படம் போதாது. ஆல்கஹாலில் வைத்த, வால்முடி கொட்டாத, 13 சோடிக் கால் கொண்ட வளர்ந்த உயிரியே நுண்ணோக்கிக்கு அடியில் வர வேண்டும்.